சுவரில் வேறொருத்தி

"என் பொண்டாட்டியைக் காணோம்" என்றார் பெரியவர்.

ஹாரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினான். "எப்போலேர்ந்துங்க?"

"அவ செத்து வருஷக்கணக்காச்சு."

பேனா அந்தரத்தில் நின்றது. ஹாரன் மெதுவாகத் திரும்பித் தன் முதலாளியம்மாளைப் பார்த்தான். கிளம்பலாமா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

பென்சில் கிளம்புகிற மாதிரித் தெரியவில்லை. அவள் ஒரு காலத்தில் போலீஸ் இலாகாவில் முகம் வரைந்தவள். பறிகொடுத்தவர்கள் எதிரே உட்கார்ந்து, "மூக்கு சப்பை, மேடம், புருவம் ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கும்" என்று அழுதுகொண்டே சொல்லச் சொல்ல, தாளில் திருடன் எழுந்து வருவான். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர்தான் பென்சில். அசல் பெயரைக் கூப்பிட இப்போது வீட்டில் ஆளும் இல்லை. வேலையை விட்ட பிறகு சொந்தமாகத் துப்பறிகிறாள். ஹாரன் அவளுக்கு டிரைவர், உதவியாளர், தலைவலி மூன்றும். முன்னே டாக்ஸி ஓட்டியவன். அந்த டாக்ஸியில் ஹாரன் வேலை செய்யாது. அந்தக் குறையை வாயாலேயே தீர்த்துக்கொண்டவன்.

"அதோ பாருங்க" என்றார் பெரியவர். "அவ இருந்த இடத்துல எவளோ உக்காந்திருக்கா."

கூடத்துச் சுவரில் ஒரு எண்ணெய் வண்ணப் படம். நாற்காலியில் ஒரு பெண், மடியில் கை, காதில் தோடு, கருவிழியில் வட்டமாக ஒரு வெள்ளைப் பொட்டு, சிரித்தும் சிரிக்காத வாயில் எட்டிப் பார்க்கும் ஒரு தெத்துப்பல். நல்ல படம்தான். குறை சொல்லத் தோன்றாது.

"ஆள் கடத்தல் கேஸ் பார்த்திருக்கோம்" என்று ஹாரன் அவள் காதில் கிசுகிசுத்தான். "ஃப்ரேமுக்குள்ளேர்ந்து கடத்தினவனை இப்பத்தான் கேள்விப்படறேன்."

"நீ சும்மா இருய்யா."

பெரியவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் இன்றைக்கும் அவர் பெயர் கார்டுதான். ஒரே மகன், பல் டாக்டர், இதே ஊரில் வேறு வீடு. கண் ஆபரேஷன் முடிந்து கார்டு தன் தங்கை வீட்டில் நெடுநாள் தங்கி, கட்டெல்லாம் பிரித்து, போன மாசம்தான் திரும்பி வந்தார். கதவைத் திறந்தார், விளக்கைப் போட்டார், படத்தைப் பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்தது.

"மகன் என்ன சொல்றார்?"

"புதுக் கண்ணுப்பா, பழகலை, அப்படித்தான் தெரியும்னான். நான் விடலை. அப்புறம் வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். கண்ணு டாக்டர் இல்ல, தலை டாக்டர்." கார்டு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "நாளைக்குக் காலையில கார் வருது. முதியோர் இல்லத்துக்கு. நான் போயிடுவேம்மா, எங்க வேணாலும் போவேன். ஆனா பைத்தியம்னு பேர் வாங்கிட்டுப் போக மாட்டேன். அவ எங்கேன்னு தெரியாம போக மாட்டேன்."

"படத்துல என்ன மாறியிருக்கு? நிறமா?"

"அதே நீலம். அதே நாற்காலி. பல்லு கூட அதே பல்லு." அவர் குரல் இறங்கியது. "என்னைப் பாக்க மாட்டேங்கறா."

ஹாரன் வாயைத் திறந்தான். பென்சில் அவன் காலை மிதித்தாள்.

"நான் கார்டும்மா. டிரைவர் முன்னாடி, ஜனங்க நடுவுல, நான் கடைசிப் பெட்டியில தனியா. காலம் பூரா அப்படியே போச்சு. வீட்டுக்கு வந்தா யாராவது ஒருத்தர் நிமிர்ந்து பாக்கணும் இல்ல? அவ பாப்பா. செத்தப்புறம் படத்துலேர்ந்து பாத்தா. நான் சமையல்கட்டுக்குப் போனாலும் பாப்பா, ஜன்னல் பக்கம் போனாலும் பாப்பா. இவ கண்ணு திறந்திருக்கு, பார்வை எங்கேயோ இருக்கு."

பென்சில் சுற்றிலும் பார்த்தாள். ஒரு தட்டு, ஒரு தம்ளர், கொடியில் ஒரு துண்டு. படத்துக்கு எதிரே ஒரு ஜன்னல், அதில் வலப்பக்கக் கதவு மட்டும் திறந்திருந்தது. இன்னொரு கதவு சட்டத்தில் இறுகிப்போய், மேலே வண்ணம் பூசிப் பூசிச் சுவரோடு சுவராகிவிட்டது.

"அது கட்டின நாள்லேர்ந்து திறக்காது" என்றார் கார்டு. "இந்தக் கூடத்துலதான் அவளை வரைஞ்சாங்க. ஓவியர் வீட்டுக்கே வந்தார். அரை ஜன்னல் வெளிச்சத்துல எப்படி வரையறதுன்னு திட்டிக்கிட்டே வரைஞ்சார். அவரும் போய்ச் சேர்ந்துட்டார்."

அவருக்கு மூளை குழம்பியிருந்தால் அதையும் பென்சில்தான் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு கேஸில் மட்டும் வாடிக்கையாளர் சொல்வது நிஜமாக இருந்து தொலையட்டுமே என்று இருந்தது.

"அவங்க போட்டோ ஏதாவது இருக்கா?"

கார்டு பர்ஸிலிருந்து பழைய ரயில்வே பாஸ் ஒன்றை எடுத்தார். மூலையில் தபால்தலை அளவுக்கு மனைவியின் முகம். பாஸுக்கு எடுத்த படம் என்பதால் காதெல்லாம் நன்றாகத் தெரிந்தது. பென்சில் அதைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள்.

"ஹாரன், காதைப் பாரு."

"ரெண்டுலேயும் இருக்கு மேடம்."

"போட்டோவுல காது மடல் தனியா தொங்குது. படத்துல தாடையோட ஒட்டியிருக்கு. முகம் வரையறவன் கண்ணைப் பாப்பான், மூக்கைப் பாப்பான், வாயைப் பாப்பான். காது வரும்போது அசந்துடுவான். கை தனக்குப் பழகின காதைப் போட்டுட்டுப் போயிடும். எத்தனை பேரை வரைஞ்சாலும் ஒரே காது வரும்."

"அப்போ படத்தை மாத்தியிருக்காங்களா?" கார்டு எழுந்தே விட்டார்.

"அவசரப்படாதீங்கய்யா. முதல்ல வரைஞ்சவரே காதுல கோட்டை விட்டிருக்கலாம். தேடிப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

வாசலில் இறங்கும்போது கார்டு பின்னாலேயே வந்தார். "உங்க வீட்டுச் சுவர்ல யாரும்மா இருக்கா?"

பென்சில் செருப்பில் காலை நுழைத்தாள். "ஒரு ஆணி இருக்குங்கய்யா" என்றாள்.

*

படம் வரைகிறவர்களின் கடைகள் எல்லாம் ஒரே தெருவில்தான். வெயிலில் காயவைத்த முகங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன: தலைவர்கள், மல்யுத்த வீரர்கள், கல்யாண ஜோடிகள், செத்துப்போன மாமனார்கள். எல்லோரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் போகிறவர்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஹாரன் ஒவ்வொரு கடையாகக் குனிந்து நிமிர்ந்தான். "காதும் காதும் வச்ச மாதிரி விசாரிக்கணும்னு சொல்வாங்க. நாம நிஜமாவே அதைத்தான் பண்றோம். இந்த அம்மா காது இல்ல. இந்தத் தலைவருக்குக் காதே இல்ல, அதான் யார் சொன்னதும் கேக்கலை போல." திடீரென்று நின்றான். "மேடம்! இங்க வாங்க. இந்தப் பயில்வான், இந்தப் பாட்டுக்காரம்மா, இந்த மாமனார். மூணு பேரும் ஒரே வயித்துல பிறந்தவங்களா?"

மூன்று முகத்திலும் தாடையோடு ஒட்டிய அதே காது.

கடைக்குள்ளிருந்து ஓவியர் வந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள், சட்டை முழுக்க வண்ணம், காதில் செருகிய பிரஷ். அந்தக் காதைப் பார்த்த ஹாரன் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான். "அசல் இங்க இருக்கு மேடம்."

கார்டின் மனைவியைப் பற்றிக் கேட்டதும் ஓவியர் மறைக்கவில்லை. மறைப்பாவது! நாற்காலியைத் துடைத்துப் போட்டு, உட்காரவைத்து, முதலில் தன் குலப்பெருமையைச் சொன்னார்.

"ஒரு காலத்துல படம்னா ராஜா மட்டும்தான் மேடம். குதிரை மேல ராஜா, சிங்கத்து மேல கால் வெச்ச ராஜா. அப்புறம் காசு வந்தவன் எல்லாம் ராஜா மாதிரி உக்காந்தான். பக்கத்துல மேசை, மேசை மேல படிக்காத புஸ்தகம். சாதாரண வீட்டுச் சுவருக்கு ஒரு மூஞ்சி வந்தது அதுக்கும் ரொம்ப நாள் கழிச்சு. கொண்டு வந்தது நாங்க. இப்போ பாருங்க, சுவர்ல டிவி, மூஞ்சியெல்லாம் ஃபோன்ல. உயிரோட இருக்கறவன் எவனும் இந்தப் பக்கம் வர்றதில்லை. செத்தாத்தான் வர்றான்."

"செத்தவங்க வந்தா பணம் யார் தருவா?" என்றான் ஹாரன்.

"அந்தப் படத்தை யார் கொண்டு வந்தா?" என்றாள் பென்சில்.

"பிள்ளைதான். பல் டாக்டர். அம்மா படம், இதே மாதிரி இன்னொண்ணு வேணும்னார். தெத்துப்பல்லைச் சரி பண்ணிடாதீங்க, அது அப்படியே வேணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டார். அந்தப் பல்லுக்கு மட்டும் ஒரு பகல் பூரா உக்காந்தேன். வார்னிஷைக் கொஞ்சம் பழுப்பாக்கி, பழசு மாதிரியே பண்ணி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தினேன் பாருங்க, பெத்த பிள்ளையே முழிச்சுக்கிட்டு நின்னார்!"

காருக்கு வந்ததும் ஹாரன் ஸ்டியரிங்கைத் தட்டினான். "முடிஞ்சுது மேடம். பல்லைப் பிடுங்கறவன் படத்தையும் பிடுங்கிட்டான். அசலைத் தூக்கிட்டுப் போய், போலியை மாட்டி, கேட்ட அப்பனைப் பைத்தியம்னு சொல்லி... சே, என்ன மனுஷன்யா!"

பென்சிலுக்கும் ஆத்திரமாகத்தான் வந்தது. கார்டுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்பதில் அதைவிடப் பெரிய நிம்மதியும் இருந்தது.

*

பல் டாக்டரின் கிளினிக்கில் கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். அப்பாவின் அதே நெற்றி. சிரிக்காத முகம். ஹாரனைப் பார்த்ததும் அவர் கண் நேராக வாய்க்குத்தான் போயிற்று.

"கீழ் வரிசையில ஒண்ணு ஆடுது போலிருக்கே."

"எனக்கு வாய் எப்பவுமே ஆடிக்கிட்டுத்தான் இருக்கும்" என்றான் ஹாரன்.

பென்சில் சுற்றி வளைக்கவில்லை. "உங்க அம்மா படத்துக்கு நகல் எடுத்தீங்களா?"

டாக்டர் முகம் சிவந்தது. "எடுத்தேன்."

"அப்பாகிட்ட சொல்லலை."

"சொல்லலை." கையுறையைக் குப்பைக்கூடையில் போட்டார். "நாங்க ரெண்டு பேரும் அப்படிப் பேசிக்கற ஆளுங்க இல்ல மேடம். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அதோட சரி. எனக்கு அம்மா படம் வேணும்னு இந்த வயசுல எப்படிக் கேக்கறது? அவர் அத்தை வீட்டுல இருக்கும்போது எடுத்துட்டுப் போய், நகல் பண்ணி, அவர் வர்றதுக்குள்ள மாட்டிட்டேன்."

"நகலை மாட்டிட்டீங்க" என்றான் ஹாரன்.

டாக்டர் நிமிர்ந்தார். "நகலா? யார் சொன்னது? நகல் எங்கிட்ட இருக்கு. அசலைத்தான் அப்பா வீட்டுல மாட்டினேன். அவர் பொருளை நான் எடுத்துப்பேனா?" அவர் குரல் உடைந்தது. "அதனாலதான் மேடம் நான் பயந்தேன். அசலைப் பாத்து, இது உங்க அம்மா இல்லைங்கறார். தினமும் பாத்த முகத்தைத் தெரியலைன்னா வேற என்ன அர்த்தம்? வாசல் கதவைத் திறந்து போட்டுட்டு அம்மாவைத் தேடிப் போயிட்டார்னா யார் பாக்கறது?"

இந்த ஆள் பொய் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து சொல்கிறவர்களின் வாயைப் பார்த்தே காலம் தள்ளிய பென்சிலுக்கு அது தெரிந்தது. சுவரில் இருப்பது அசல் என்றால், அந்தக் காது பழைய ஓவியரின் தவறு. கார்டு சொன்னது எல்லாம் ஒரு தனிமைப்பட்ட மனிதரின் மனக்குழப்பம். நாளைக் காலை கார் வரும். அவரிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது?

ஆனால் அந்த வாட்டசாட்டமான ஓவியரின் காது, செத்துப்போன இன்னொரு ஓவியர் வரைந்த படத்தில் அச்சு அசலாக எப்படி வந்திருக்கும்?

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தப்போ, எது அசல்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஓவியர் சொல்ல மாட்டேன்னுட்டார். நீங்களே சொல்லுங்க பாப்போம்னு விளையாடினார். எனக்குத் தெரியாதா? அம்மாவோட பல்லு. ஒண்ணுல அது மங்கலா இருந்தது. இன்னொண்ணுல தெளிவா, அந்தச் சரிவு, அந்த நுனி எல்லாம் அச்சு அசலா இருந்தது. அதைத்தான் அசல்னு காட்டினேன். சிரிச்சுக்கிட்டே அதுக்குப் பழைய ஃப்ரேமைப் போட்டுக் கொடுத்தார்."

பென்சில் எழுந்தாள். "உங்ககிட்ட இருக்கற படத்தைப் பாக்கணும்."

கிளினிக்கின் பின்னால் ஒரே ஒரு அறை; இப்போது டாக்டரின் வீடே அதுதான். டாக்டரின் மனைவியும் மகளும் மகளின் படிப்புக்காக வேறு ஊரில். கட்டில், மேசை, கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு தம்ளர். அப்பா வீட்டில் பார்த்த அதே ஒன்று. சுவரில் ஒரு படம், சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டியிருந்தது.

"ஏன் திருப்பி வச்சிருக்கீங்க?"

டாக்டர் படத்தின் சட்டத்தைத் தொட்டு நேராக்கினார். "சொன்னா என்னையும் இல்லத்துக்கு அனுப்பிடுவீங்க. இது வெறும் நகல்னு தெரியும். ஆனா உள்ள வந்தா என்னைப் பாக்கறாங்க மேடம். கை கழுவப் போனா பாக்கறாங்க, படுத்தா பாக்கறாங்க. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு... பயந்துபோய்த் திருப்பி வச்சுட்டேன்."

பென்சில் படத்தைத் திருப்பினாள்.

அவளையும் பார்த்தது அது. அவ்வளவுதான் சொல்ல முடியும். பழகிய ஆள் வீட்டுக்குள் வந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கிற பார்வை. வெகுநாளாக அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பென்சில் ஒரு அடி கிட்டே போனாள்.

"டாக்டர், பல்லை விடுங்க. கிட்ட வந்து கண்ணைப் பாருங்க. கருவிழியில ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கு பாருங்க. எதிர்ல இருக்கற வெளிச்சம் கண்ணுல விழறதுதான் அது. கடைக்காரங்க எல்லாம் பழக்கத்துல வட்டமா ஒரு பொட்டு வெச்சுட்டுப் போயிடுவாங்க. உங்க அப்பா வீட்டுப் படத்துல வட்டம்தான் இருக்கு. இதுல என்ன தெரியுது?"

டாக்டர் மூக்கு துணியில் படும் அளவுக்குக் குனிந்தார். "வட்டம் இல்ல. நீட்டமா, ஒல்லியா... கட்டம் மாதிரி. ஒரு பக்கம் மட்டும்." சட்டென்று நிமிர்ந்தார். "ஜன்னல். எங்க கூடத்து ஜன்னல். ஒரு கதவு திறக்காது."

"அந்தக் கூடத்துல உக்காந்து வரைஞ்சவருக்குத்தான் அது தெரியும். காதையும் பாருங்க, மடல் தனியாத் தொங்குது. பல்லு தெளிவா இருந்ததுக்குக் காரணம், நீங்க கெஞ்சினதுனால அந்த ஆள் அதுக்கு மட்டும் ஒரு பகல் செலவழிச்சார். அசல்ல அது வார்னிஷுக்கு அடியில மங்கிப்போச்சு. வாயை மட்டும் பாத்து அம்மாவைக் கண்டுபிடிச்சீங்க. உங்க அப்பா கண்ணைப் பாத்துக் கண்டுபிடிச்சார். அவருக்கு ஒண்ணும் ஆகலை. உங்களுக்கும் ஒண்ணும் ஆகலை."

டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தார். "இத்தனை நாளா அம்மாவையா சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிருந்தேன்?" என்று கேட்டுவிட்டு, சின்னப் பையன் மாதிரி அழுதார். ஹாரன் தம்ளரில் தண்ணீர் பிடித்துவந்து கையில் கொடுத்தான்.

*

பொழுது சாயும் நேரத்தில் அசல் பழைய இடத்துக்குப் போயிற்று. ஆணியில் மாட்டியது மகன்.

கார்டு படத்தைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போனார், நின்றார். சமையல்கட்டுக்குப் போனார். திரும்பி வந்து படத்தின் எதிரே நின்றார்.

"எங்கடி போயிருந்தே?" என்றார்.

"எங்கிட்ட இருந்தாங்கப்பா" என்றார் டாக்டர். திணறித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். நகல் எடுத்தது, பல்லைப் பார்த்து ஏமாந்தது, பயந்து திருப்பி வைத்தது. "என்னை மன்னிச்சிடுங்கப்பா. உங்களைப் போய்..."

கார்டு மகனைப் பார்த்தார். தலை நரைக்க ஆரம்பித்த மகன். "தனியாவா இருக்கே?"

"ஆமாப்பா."

"என்கிட்ட ஏண்டா சொல்லலை?"

"நீங்களும் சொல்லலையேப்பா."

டாக்டர் ஃபோனை எடுத்தார். "காலையில கார் வேண்டாம்னு சொல்லிடறேன்."

"எதுக்கு வேண்டாம்கறே? வரட்டும்" என்றார் கார்டு. "வரும்போது உன் கட்டிலை ஏத்திக்கிட்டு வரச் சொல்லு."

ஹாரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். கீழே சுவரோரம் சாய்த்து வைத்திருந்த நகலை வெளியே எடுத்துப் போகலாமா என்று கேட்டான். கார்டு வேண்டாம் என்று கையசைத்தார்.

"பாவம், அவ என்ன பண்ணினா? சமையல்கட்டுல மாட்டு. அங்கேயும் ஒரு ஆள் இருக்கட்டும்."

*

கார் வீடு வந்து நின்றும் பென்சில் இறங்கவில்லை. ஹாரன் காத்திருந்தான்.

உள்ளே சுவரும் ஆணியும் அப்படியே இருக்கும். அவள் கணவர் போன பிறகு அந்த முகத்தை வரைய எத்தனையோ தடவை உட்கார்ந்து பார்த்தாள். போட்டோ எடுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும் மனிதர். இருக்கிற படமெல்லாம் தூங்குகிற படம். நினைவிலிருந்து வரைந்தால் யாரோ வந்தார்கள், அவர் வரவில்லை. யாராவது எதிரே உட்கார்ந்து சொல்லாமல் அவள் கைக்கு எந்த முகமும் வந்து பழக்கமில்லை.

"ஹாரன், நீ டாக்ஸி ஓட்டினப்போ அவரைத்தானே தினமும் ஆபீஸ்ல விடுவே?"

"ஆமா மேடம். ஏன்?"

அவள் கைப்பையிலிருந்து தாளை எடுத்து மடியில் வைத்தாள். "அவர் எப்படி இருப்பார்னு சொல்லு. கிண்டல் வேண்டாம். தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

ஹாரன் முன்சீட்டிலிருந்து திரும்பினான். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. "கண்ணுலேர்ந்து ஆரம்பிக்கவா?"

"காதுலேர்ந்து. அதைத்தான் நான் பாக்கவே இல்ல."

"வலது காது கொஞ்சம் மடங்கியிருக்கும் மேடம்." பேச்சை நிறுத்தித் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தான். "இல்ல, இல்ல. நான் தினமும் பாத்தது இந்தக் கண்ணாடியில. அப்போ அது இடது."

பென்சில் இடது காதை வரைய ஆரம்பித்தாள்.